தாளின் பின்புறம்

எங்கள் வீட்டுக் கூடத்துத் தேக்கு அலமாரியில் நாற்பத்தொரு பைண்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் எந்தப் பதிப்பகத்தாரும் வெளியிட்டதில்லை. எந்தக் கடையிலும் அவை விற்பனைக்கு வந்ததில்லை. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதையாக வந்த அத்தியாயங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, வரிசைப்படி அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு தைத்து, அட்டை கட்டி, முதுகில் காலிகோத் துணி ஒட்டி, என் தாத்தாவும் அவருக்குப் பிறகு என் தகப்பனாரும் முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாகச் சேர்த்து வைத்த சொத்து அது. தாமிரபரணிக் கரையில் கொஞ்சம் நிலம் இருந்தது, போயிற்று. திருநெல்வேலி டவுனில் ஒரு வீடு இருந்தது, பாகப் பிரிவினையில் அதுவும் போயிற்று. எவரும் உரிமை கோரவில்லை என்ற ஒரே காரணத்தினால் இந்த நாற்பத்தொன்றும் என் பங்குக்கு வந்து சேர்ந்தன.

சென்ற மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகளை எந்தக் கோடைக்கால வகுப்பில் சேர்ப்பது என்ற ஆலோசனை எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. கீபோர்டு, செஸ், ரோபாட்டிக்ஸ், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி என்று வீட்டு வாசலில் வந்து விழுந்திருந்த துண்டுப் பிரசுரங்களை நான் மேஜையின் மேல் சீட்டுக்கட்டுப் போலப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றின் பலாபலன்களையும் நிதானமாக எடுத்துரைத்துக்கொண்டிருக்க, அவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு ஹாபி வரணும்னு தாத்தா உங்களை எந்த கிளாஸ்ல சேத்து விட்டாங்க?"

பரிகாசமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட ஒரு பைண்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதன் பிறகு நடந்ததைச் சொல்லுமுன், அந்தப் பைண்டுகள் உருவான கதையைச் சற்றுச் சாவகாசமாகச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

1941இல் 'கல்கி' பத்திரிகை தோன்றிய பிறகும், அதற்கு முன்பே எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னிலும், 1947இல் பிறந்த 'குமுத'த்திலும், தொடர்கதை என்பது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பால்காரரையும் தபால்காரரையும் போல, குறித்த நாளில் வந்தே தீரவேண்டிய ஒரு விருந்தாளியாக இருந்தது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, பத்திரிகைக் கட்டு ரயிலில் வந்து இறங்கும் நாளில், என் தாத்தா தம் மூத்த மகனை ஜங்ஷன் கடைக்கே அனுப்பி வைப்பாராம். வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பிள்ளை பிரித்துப் படித்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, கடைக்காரரே அதை நூலால் கட்டித் தரவேண்டுமென்று ஓர் ஏற்பாடும் இருந்ததாம். புத்தகம் விலைக்கு வாங்குவது எல்லோர்க்கும் சாத்தியமாக இல்லாத அக்காலத்தில், சில அணாக்கள் கொடுத்து வாங்கும் பத்திரிகையிலிருந்தே ஒரு பெரிய நாவலைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பது சிக்கனத்திற்குச் சிக்கனம், கௌரவத்திற்குக் கௌரவம். அதோடு, புத்தகமாக அச்சாகும்போது ஓவியங்களில் பெரும்பகுதி விடுபட்டுப் போய்விடும். மணியம் வரைந்த வந்தியத்தேவனையும், 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு வரைந்த சிக்கல் சண்முகசுந்தரத்தையும், 'கடல் புறா'வுக்கு லதா வரைந்த கப்பல்களையும் இழந்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ள மனம் வராதவர்களே பைண்டு கட்டினார்கள்.

என் தகப்பனார் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக உத்தியோகம் பார்த்தவர். வாரத்தில் ஆறு நாள் பேரேட்டில் பற்றும் வரவும் சரிபார்த்து, கடைசிப் பைசா நேராகும் வரை எழுந்திராத மனிதர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும், முன்கூடத்தில் ஒரு பழைய ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார். துருப்பிடித்த கம்பிப் பின்களைப் பேனாக்கத்தி முனையால் நெம்பி எடுப்பது முதல் வேலை. பிறகு தாள்களை அடுக்கித் தட்டிச் சமன் செய்து, முதுகுப் பக்கத்தில் சிறு ரம்பத்தால் நான்கு கீறல் போட்டு, மெழுகுவர்த்தியில் இழுத்து மெழுகேற்றிய நூலைக் கோத்துத் தைப்பார். பசை வீட்டிலேயே காய்ச்சுவது: மைதாவோடு சிறிது மயில்துத்தத்தைக் கரைத்து விட்டால் பூச்சி அண்டாது என்பது அவருடைய சித்தாந்தம். துத்தம் விஷமாகையால் அதற்கென்று தனியாக ஒரு சிரட்டை உண்டு. அந்தச் சிரட்டையைப் பிள்ளைகள் தொட்டால் முதுகில் அடி உண்டு. ஒட்டிய புத்தகத்தைப் பலகைக்குள் வைத்து அம்மியைத் தூக்கி மேலே ஏற்றிவிட்டால், மறுநாள் மாலை வரை அதை எடுக்கக் கூடாது. அதனால் திங்கட்கிழமைகளில் எங்கள் வீட்டில் சட்னி கிடையாது, எண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடிதான். ஓரங்களைச் சீராக வெட்டுவதற்கு மட்டும், மேலப்பாளையத்துப் பைண்டர் ஒருவரின் கடைக்குக் கொண்டுபோவார். "பாய், ஒரு நூல் அதிகமா வெட்டிராதீங்க; எழுத்துல கை வச்சிரும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்; "இத்தனை வருஷத்துல ஒரு எழுத்தை வெட்டியிருக்கேனா, கணக்குப்பிள்ளை?" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

இந்தச் சாம்ராஜ்யத்தில் யுத்தம் மூளாமல் இல்லை. இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தைக்கும் தொடர்கதைப் பித்து உண்டு. பத்திரிகை ஒன்றே, அது எங்கள் வீட்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், மறுபடி எங்களிடம் திரும்பி வரும். அப்பாவுக்கு வேண்டியது வாளும் குதிரையும் வரும் சரித்திரக் கதை. அத்தைக்கு வேண்டியது மாமியாரும் மருமகளும் வரும் குடும்பக் கதை. இரண்டையும் அப்பாவே தனித்தனியாகத் தைத்துக் கொடுப்பதென்பது ஒப்பந்தம். ஆனால் பத்திரிகை அச்சிடுகிறவர்களுக்கு எங்கள் ஒப்பந்தம் தெரியாதே! ஒரு வாரம், அப்பாவின் கதை ஒரு தாளின் முன்பக்கத்தில் முடிய, அத்தையின் கதை அதே தாளின் பின்பக்கத்தில் தொடங்கிவிட்டது. தாளோ ஒன்று, உரிமைக்காரர்களோ இருவர்.

"அண்ணே, உங்க கதையில ராசா வருவான், போவான், ஒரு பக்கம் இல்லாட்டா ஒண்ணும் குடிமுழுகாது. எனக்கு அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்ததே அந்தப் பக்கத்துலதான்" என்று அத்தை நியாயம் பேசினாள்.

"ஏட்டி, அவன் யாருன்னு தெரியிறதே இந்தப் பக்கத்துலதான்" என்று அப்பா சொன்னார்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. மூன்றாம் நாள் அந்தத் தாளை அத்தைக்கே கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முந்தின இரவு, அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து (அந்த நாளில் எங்கள் தெருவில் மின்சாரம் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரமே ஞாபகத்தில் நிற்கிறது), தம் பங்கான முன்பக்கம் முழுவதையும் கையால் பிரதி எடுத்தார். பேரேட்டுக் கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தப் பக்கத்தின் நடுவே ஓவியரின் படம் ஒன்று இருந்தது; படம் எழுத அவருக்கு வராது. ஆகவே அதே அளவுக்கு ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, அதற்குள், 'ஆற்றங்கரை. இடப்புறம் குதிரை. வலப்புறம் பாழ்மண்டபம். வீரன் திரும்பிப் பார்க்கிறான்' என்று எழுதி வைத்தார். இப்போதும் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது, அச்சான வேறு எந்தப் படத்தையும்விடத் தெளிவாக எனக்கு அந்த ஆற்றங்கரை தெரிகிறது.

வேறொரு பைண்டில் இதற்கு நேர்மாறான விசித்திரம் ஒன்று உண்டு. கதாநாயகன் வாளை ஓங்கி நிற்கும் பக்கத்தில், சரியாக அவன் மார்புக்கு நேரே, செவ்வகமாக ஒரு சாளரம். அந்தச் சாளரத்தின் வழியே பார்த்தால் அடுத்த வார அத்தியாயத்தின் சில வரிகள் தெரியும்; ஓங்கிய வாள் ஒரு நந்தவனத்து நிலவொளியில் போய் இறங்கும். விஷயம் இதுதான்: அந்தத் தாளின் பின்புறம் பைனாப்பிள் ரசம் வைக்கும் முறை வெளியாகியிருந்தது. அம்மா அதைக் கத்தரித்துத் தன் சமையல் நோட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டாள். அப்பா அதைக் கண்டுபிடித்தது அடுக்கித் தைக்கும் நாளில்தான். அன்று வீட்டில் எழுந்த இரைச்சலும், "ரசத்தை மட்டும் சப்புக்கொட்டிக் குடிச்சீகளே" என்று அடுக்களையிலிருந்து வந்த பதிலும், அதன் பின் நிலவிய நெடிய மௌனமும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகிறேன்.

என் தாத்தாவும் அப்பாவும் எதைக் காப்பாற்ற வேண்டுமென்று இத்தனை பிரயாசைப்பட்டார்களோ அந்தக் கதைகள், இன்று அவர்களுடைய பிரயாசை எதுவுமில்லாமலே எங்கும் கிடைக்கின்றன. கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆன பிறகு பல பதிப்பகங்கள் அவற்றை அச்சிடுகின்றன. ரயில் நிலையத்துக் கடையில் வாங்கலாம், செல்பேசியில் காசில்லாமல் படிக்கலாம், காதில் மாட்டிக்கொண்டு கேட்கவும் செய்யலாம். ஆகவே முன்பக்கத்துக்காக அந்த நாற்பத்தொரு பைண்டுகளை வைத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் ஒருபோதும் காப்பாற்ற நினையாத பின்பக்கம் இருக்கிறதே, அது வேறு எங்கும் கிடைப்பதில்லை. கதையின் முதுகில் ஒட்டிக்கொண்டு தப்பிப் பிழைத்த அமிர்தாஞ்சன் விளம்பரம், கோபால் பல்பொடி விளம்பரம், பாதியில் அறுந்துபோன ஹாஸ்யத் துணுக்கு, விடை அடுத்த இதழில் என்று சொல்லிவிட்டு அந்த விடையை என்றைக்கும் தராமல் போன குறுக்கெழுத்துப் போட்டி. இவையெல்லாம் அங்கே இருக்கின்றன. 1957 ஏப்ரல் மாதத்தில் அணா போய் நயா பைசா வந்ததை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிந்தது பாடப் புத்தகத்தினால் அன்று. அடுத்தடுத்த தாள்களில் எட்டணா ஐம்பது நயா பைசாவாக மாறும் விளம்பரங்களினால்தான். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய தாள்களில், ணை, லை, ளை, னை என்பவை யானைத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். என் மகள் அவற்றைப் படிக்கத் தடுமாறி, பத்து நிமிஷத்தில் பழகி, தன் பெயரையே துதிக்கை போட்டு எழுதிப் பார்த்தாள்.

இந்த உண்மையை என் வீட்டு அலமாரியிலிருந்துதான் கற்கவேண்டுமென்பதில்லை. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் ஒருவர் இருந்தார். நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்ததோடு நில்லாமல், பிறர் கசக்கி எறியும் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, 1994இல் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ்நாட்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கே போய்த் தேடுகின்ற பண்டங்களில், யாரும் வரலாறு என்று எண்ணி அச்சிடாத துண்டுத்தாள்களும் உண்டு. ஒரு தலைமுறை தான் முக்கியமென்று கருதி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது ஒன்று. அந்தத் தலைமுறை எடுத்துக்கொள்வது மற்றொன்று.

குடும்பத்திலும் இப்படித்தான் நடக்கிறதென்பது என் அபிப்பிராயம். தகப்பன் என்கிறவன் ஒரு தாள். அதன் முன்பக்கத்தில், பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று அவனே தேர்ந்து எழுதியவை இருக்கின்றன: உபதேசங்கள், கட்டளைகள், 'நான் உன் வயதில் இருந்தபோது' என்று தொடங்கும் சரித்திரங்கள். பின்பக்கத்தில், தான் எழுதுகிறோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் எழுதியவை இருக்கின்றன: கோபத்தில் செம்பை எப்படி வைத்தான், தோற்றுப்போன வழக்கைப் பற்றி எந்தக் குரலில் பேசினான், எவரும் கூலி தராத வேலையில் எவ்வளவு நேரம் தன்னை மறந்து உட்கார்ந்தான் என்பவை. என் தகப்பனார் எனக்கு முன்பக்கத்தில் எழுதியவற்றுள், விடியற்காலையில் எழ வேண்டும் என்பதும் கடன் வாங்கக் கூடாது என்பதும் முக்கியமானவை. இரண்டையும் நான் காப்பாற்றவில்லை. ஆனால் தாள்களை அடுக்கும்போது நான்கு பக்கமும் தட்டிச் சமன் செய்யாமல் என்னால் ஒரு வங்கிக் காகிதத்தைக்கூடக் கொடுக்க முடிவதில்லை. அந்தப் பழக்கத்தை அவர் எனக்கு ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை.

சிலருக்கு முன்பக்கமே முழுவதுமாக வாய்த்துவிடுவதுண்டு. ஓவியர் மணியம் 1968இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவருடைய மகனோ, தகப்பனாரின் பெயரையே தம் பெயரில் தாங்கி, 'மணியம் செல்வன்' என்று அதே கலையில் புகழ் பெற்றார். அத்தகைய பாக்கியம் பெற்ற குடும்பங்கள் சொற்பம். எஞ்சிய நமக்கெல்லாம் பின்பக்கந்தான்.

ஆகையினால்தான் இந்தக் கோடைக்கால வகுப்புகளைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் உண்டாகிறது. வித்தை கற்பிப்பதை நான் குறை சொல்லவில்லை. சதுரங்கமும் சங்கீதமும் குருவிடம் கற்க வேண்டியவையே; தகுந்த ஆசிரியர் அமைந்தால் அது பிள்ளையின் அதிருஷ்டம். ஆனால் வித்தை வேறு, பொழுதுபோக்கு வேறு. பொழுதுபோக்கு என்பது, அதனால் ஒரு லாபமும் இல்லை என்று நன்கு தெரிந்தே ஒருவன் செய்கிற காரியம். அதற்குக் கட்டணம் கட்டி, நிலைகள் வகுத்து, முடிவில் சான்றிதழ் கொடுத்து, அந்தச் சான்றிதழைக் கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்கலாம் என்று துண்டுப் பிரசுரத்திலேயே அச்சிட்டுவிட்டால், அது இன்னொரு பாடமாகிவிடுகிறது. பிள்ளைக்கு இருந்த விடுமுறையில் ஒரு பள்ளிக்கூடம் கூடிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மகளுக்கு எந்தப் பொழுதுபோக்கு உகந்ததென்று ஆராய்ந்துகொண்டிருந்த எனக்கு, அவள் பார்க்கும்படியாக ஒரு பொழுதுபோக்கும் இருக்கவில்லை.

"செல்பேசிதான் உங்களுக்குப் பொழுதுபோக்கு" என்று என் மனைவி சொல்வாள். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கருவியைப் பற்றி எல்லோரும் சொல்லும் குற்றச்சாட்டை நான் சொல்லப்போவதில்லை. மனிதன் ஒன்றில் மூழ்கிக் கிடப்பது குற்றமன்று. என் தகப்பனாரும் ஞாயிறு முழுவதும் மூழ்கித்தான் கிடந்தார், கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் அவருக்குக் காது கேட்கும். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. அவர் எதில் மூழ்கியிருக்கிறார் என்பது கூடம் முழுவதும் பரந்து கிடந்தது: ஊசி, நூல், பசை, காலிகோ, தாள். தாண்டிப் போகிற பிள்ளை நூலைப் பிடித்துக்கொள்ளலாம், மெழுகைத் தேய்க்கலாம், தாள் எண் சரியா என்று பார்த்துச் சொல்லலாம், ஒன்றும் செய்யாமல் வேடிக்கையும் பார்க்கலாம். நான் செல்பேசியில் குனிந்திருக்கும்போது, பழைய பாட்டுக் கேட்கிறேனா, மின்கட்டணம் கட்டுகிறேனா, முகமறியாத ஒருவரோடு அரசியல் சண்டை போடுகிறேனா என்பது என் மகளுக்குத் தெரிய வழியில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குனிவு, ஒரே மௌனம். பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அவளால் படிக்க முடிகிற எழுத்தாக அது இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லிக்கொள்வது என் கடமை. பழைய நாளை நினைக்கத் தொடங்கிய தகப்பன்மார்கள், கொஞ்ச நேரத்திற்கெல்லாம் அந்த நினைவைப் பிரம்பாக மாற்றிப் பிள்ளைகளின் மேல் ஓங்குவது வழக்கம். 'அந்தக் காலத்தில் எங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருந்தது, நீங்கள் எப்படி வீணடிக்கிறீர்கள்' என்று நானும் பேசியிருக்கிறேன். அவகாசம் யாருக்கு இருந்தது? அப்பா முன்கூடத்தில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மா பின்கட்டில் மறுநாளுக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகே பத்திரிகை அவள் கைக்குப் போகும். பிற்பகல் பாத்திரம் கழுவி முடித்ததற்கும் மாலைக் காபிக்கும் இடையில் உள்ள அரைமணியில் அவள் படிப்பாள், பல நாள் படித்தபடியே தூங்கியும் போவாள். அவளுக்கு என்ன பொழுதுபோக்கு என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. கோலங்களுக்கு ஒரு நோட்டும், சமையல் குறிப்புக்கு ஒரு நோட்டும் அவள் வைத்திருந்தாள். கூடத்து அலமாரியில் அவற்றுக்கு இடம் தரப்படவில்லை, அவை எங்கே போயின என்றும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷச் சேகரத்தில் அவளுடைய ஆசை பதிவாகியிருப்பது ஒரே இடத்தில்தான்: ஓங்கிய வாளுக்குக் கீழே ஒரு செவ்வகத் துவாரமாக. பழமையைப் பாராட்ட விரும்புகிறவர் அந்தத் துவாரத்தையும் சேர்த்தே பாராட்ட வேண்டும். இல்லையேல் அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் பொய்யாகிவிடும்.

ஆகவே நான் சொல்லும் யோசனை எளியது. பிள்ளைகளைப் பொழுதுபோக்கு வகுப்புக்கு அனுப்பும் முன், தாயோ தகப்பனோ, முறை வைத்து இருவருமோ, வாரத்தில் இரண்டு மணி நேரமேனும், வீட்டார் கண்ணில் படும்படியான இடத்தில், யாருக்கும் பயன்படாத ஒரு காரியத்தில் தம்மை மறந்து உட்காரட்டும். தபால்தலை சேர்க்கட்டும், பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுப் பூட்டத் தெரியாமல் விழிக்கட்டும், மொட்டைமாடியில் ஓர் அவரைக்கொடியோடு மல்லாடட்டும். பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். பக்கத்தில் இருத்திக் கற்பிக்கவும் வேண்டாம். அவன் அதையே பின்னால் செய்வான் என்று எதிர்பார்க்கவே வேண்டாம், அநேகமாகச் செய்யமாட்டான். ஆனால் ஒரு வளர்ந்த மனிதன், யாரும் அதட்டாமலும் காசு கொடுக்காமலும், ஒரு வேலையை இவ்வளவு சிரத்தையோடு செய்ய முடியும் என்பதை அவன் பார்த்திருப்பான்.

நான் என்னளவில் தொடங்கியிருக்கிறேன். பத்திரிகைத் தாளில் உள்ள மரக்கூழின் இயல்பினால், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு அந்தப் பைண்டுகள் பழுப்பேறி, மடித்தால் அப்பளம் போல் நொறுங்குகின்றன. ஞாயிறு பிற்பகலில் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி, அவிழ்ந்த தையலை மறுபடி தைக்கிறேன். நூல் நேராக ஓடுவதில்லை. மேலப்பாளையத்து பாய் பார்த்தால் சிரிப்பார். பசை மட்டும் கடையில் வாங்கியது. துத்தச் சிரட்டைக்கு என் மனைவி அனுமதி தரவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். நான் எடுத்து மடியில் வைத்தது, தற்செயலாக, அந்தக் கையெழுத்துத் தாள் உள்ள பைண்டாக இருந்தது. என் மகள் புரட்டிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றாள். அப்பாவின் கையெழுத்தையும், கட்டத்துக்குள் எழுதிய ஆற்றங்கரையையும், அத்தையின் வழக்கையும் நான் மிகுந்த உருக்கத்தோடு விவரித்தேன். அவள் கேட்டுக்கொண்டே தாளைத் திருப்பினாள். திருப்பியவள் குபீரென்று சிரித்துவிட்டாள்.

அதன் பின்புறத்தை அதுவரை நான் கவனித்ததே இல்லை. காகிதத்தை வீணாக்கப் பொறாத என் தகப்பனார், என் மூன்றாம் வகுப்பு ரஃப் நோட்டிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்த தாளைக் கிழித்து, அதன் வெற்றுப் பக்கத்தில் பிரதி எடுத்திருக்கிறார். மறுபக்கத்தில் பென்சிலால், கோணல் எழுத்தில், நான் எழுதிய வாய்ப்பாடு.

"அப்பா, ஏழெட்டு ஐம்பத்து நாலுன்னு போட்டிருக்கீங்க!"

கணிதத்தில் ஐந்து மதிப்பெண் குறைந்ததற்காக முந்தின வாரம் அவளிடம் முக்கால் மணி நேரம் பேசியவன் நான். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. செல்பேசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தன் தாயிடம் காட்ட எழுந்து போய்விட்டாள். மேஜைமேல் பரப்பியிருந்த துண்டுப் பிரசுரங்கள் மின்விசிறிக் காற்றில் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பைசா பிசகினால் இரவு பத்து மணி வரை பேரேட்டை விட்டு எழுந்திராத கணக்கர் அவர். அந்தப் பிழை அவர் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அதன்மேல் ஒரு கோடுகூட இல்லை. கதை மேலே தெரியும்படி தாளைத் திருப்பி வைத்துத் தைத்திருந்தார்.